பேஸ்ட் மூடி போட்ட நண்டு

ஊசிக்குப் பள்ளிக்கூடத்தில் பாராட்டு என்பது குதிரைக் கொம்பு. கணக்கில் சுமார். ஓட்டப் பந்தயத்தில் கடைசிக்கு முந்தின ஆள். பாட்டுப் போட்டி என்றால், "நீ பின்னாடி நின்னு கை தட்டினா போதும்மா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

ஊசி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. அம்மா தையல்காரர், இவளோ ஒல்லி, பேச்சும் சுருக்கென்று இருக்கும். அதனால் தெருவே சேர்ந்து அவளுக்கு ஊசி என்று பெயர் வைத்துவிட்டது. ஆறு வயதுத் தம்பி குட்டையாக, உருண்டையாக இருந்தான். அவன் பொத்தான் ஆனான்.

அப்படிப்பட்ட ஊசிக்கு, மழைக்காலம் முடிகிற சமயத்தில், ஒரு பாராட்டுக் கிடைத்தது.

பள்ளியில் கடற்கரை நாள் கொண்டாடப் போகிறார்கள். ஒவ்வொரு வகுப்பும் தங்கள் கடற்கரையின் பெருமையைச் சொல்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும். ஆறாம் வகுப்பில் மீன் நாடகம். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அலையாத்தி மரங்களாக வேடம் போட்டு, அரை மணி நேரம் அசையாமல் நிற்கப் போகிறார்களாம். நான்காம் வகுப்பாவது, அசையாமல் நிற்பதாவது! ஊசி படிக்கிற ஐந்தாம் வகுப்பு மட்டும் ஒன்றும் தோன்றாமல் விழித்துக்கொண்டிருந்தது.

"யாருக்காவது ஏதாவது தோணுதா?" என்று ஓவிய டீச்சர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

ஊசி எழுந்தாள். "டீச்சர், ஒரு பெரிய பலகையில நம்ம கடற்கரை முழுசையும் சங்கு ஒட்டியே வரைஞ்சா என்ன? ஆமை, கொக்கு, தாழம்புதர், அலையாத்திக் காடு எல்லாம். பெயின்ட்டே வேணாம்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ரொம்ப அழகான யோசனைம்மா."

அந்த மூன்று வார்த்தையை ஊசி வீடு போய்ச் சேரும்வரை மிட்டாய் மாதிரி நாக்கில் வைத்து உருட்டிக்கொண்டே போனாள்.

மறுநாள் அவளே ஒரு சட்டமும் போட்டாள். அவள் அம்மா ஒரு நூல் பிசிறு தொங்கினாலும் சட்டையைக் கடையை விட்டு வெளியே அனுப்பமாட்டார். அந்த வீட்டில் வளர்ந்த பெண் வேறு எப்படி இருப்பாள்?

"உடைஞ்ச சங்கு வேணாம். ஓட்டை விழுந்தது வேணாம். முனை மழுங்கினதுகூட வேணாம். முழுசா, அழகா இருக்கணும்!"

வகுப்புத் தலைவனை எல்லோரும் லீடர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அந்தச் சட்டத்தைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டான். ஒரு கோடு போட்டால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்பது அவன் எண்ணம்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம், முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கடற்கரையைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். வகுப்பறை மூலையில் வாளிகள் நிறைந்தன. ஒன்று, இரண்டு என்று வளர்ந்து ஒன்பது வாளி ஆயிற்று. புள்ளி போட்ட சங்கு, வரி போட்ட சங்கு, விரல் நகம் அளவுக்குக் குட்டிச் சங்கு. பாடம் நடக்கும்போதே வாளிக்குள் கையை விட்டு அளைந்தால் சலசல என்று சத்தம் கேட்கும். வகுப்பு முழுக்கக் கடல் வாசனை.

எல்லாவற்றிலும் பெரியது ஊசி கண்டெடுத்ததுதான். இரவெல்லாம் மழை கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் அது மணலில் பாதி புதைந்து கிடந்தது. அவள் கைப்பிடி அளவு இருக்கும். வெளியே பழுப்பு வரிகள், உள்ளே விடியற்காலை வானத்தின் நிறம். பலகையின் நடுவில் அதைச் சூரியனாக ஒட்டப்போவதாக வகுப்பே முடிவு செய்திருந்தது. அதுவரைக்கும் அது ஊசியின் தலையணைக்குப் பக்கத்தில் தூங்கியது. படுத்துக்கொண்டு காதில் வைத்தால் உள்ளே யாரோ 'உஸ்ஸ்ஸ்' என்று மெதுவாக மூச்சு விடுவார்கள். கேட்டுக்கொண்டே ஊசி தூங்கிப்போவாள்.

சங்கு ஒட்டுகிற நாளுக்கு முந்தின நாள் அது. கொக்கின் கால்களுக்கு இன்னும் நாலைந்து நீளச் சங்கு வேண்டியிருந்தது. ஊசி பொத்தானையும் இழுத்துக்கொண்டு காலையிலேயே கடற்கரைக்குப் போனாள்.

மேகமூட்டமான காலை. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அலைகூடச் சத்தம் போடாமல் வந்து, மணலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. மணல்மேட்டில் அடம்பங்கொடி படர்ந்து ஊதாப் பூக்கள் பூத்திருந்தன. தூரத்தில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று என்னவோ யோசித்துக்கொண்டிருந்தது.

ஊசி நீள நெடுகத் தேடினாள். ஒரு முழுச் சங்குகூடக் கிடைக்கவில்லை.

"அக்கா! இங்க வா! பேஸ்ட் மூடி நடக்குது!" என்று பொத்தான் கத்தினான்.

"நீ இன்னிக்குப் பல்லே தேய்க்கல. அதான் கண்ணுக்கு பேஸ்ட் மூடி தெரியுது."

"நிஜமாக்கா! அதுக்குக் கால் இருக்கு!"

ஊசி போய்ப் பார்த்தாள். அவன் சொன்னது உண்மைதான். ஒரு சிவப்பு பேஸ்ட் மூடி, மணலில் நொண்டி நொண்டிப் போய்க்கொண்டிருந்தது. மூடிக்குக் கீழே குச்சிக் குச்சியாகக் கால்கள். இரண்டு கண்கள் குண்டூசித் தலை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

"துறவி நண்டுடா இது," என்றாள் ஊசி.

துறவி என்று அதற்கு யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. பெயர்தான் துறவி. முதுகில் வீடு இல்லாமல் ஒரு நிமிடம் அதனால் இருக்க முடியாது. முன்பக்கம் ஓடு உண்டு. பின்பக்கம் வெறும் மெத்துமெத்தென்ற சதை. அதனால் காலியான சங்கு எதையாவது தேடிப் பிடித்து, அதற்குள் பின்பக்கத்தைச் செருகிக்கொண்டு, போகிற இடமெல்லாம் இழுத்துக்கொண்டு திரியும். வளர வளரப் பெரிய சங்காகப் பார்த்து மாறிக்கொள்ளும்.

இந்த நண்டுக்கு மூடி பாதிதான் மூடியது. மிச்சம் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, இதுக்குச் சட்டை பத்தல," என்றான் பொத்தான்.

"அதுக்குச் சிவப்பு பிடிச்சிருக்கும்டா. நீ ஏன் கவலைப்படுறே?"

சொன்னாளே தவிர, அவளுக்கே அது நம்பும்படி இல்லை. கொஞ்ச தூரத்தில் இன்னொரு நண்டு, சோடா பாட்டிலின் நீல மூடியை முதுகில் தூக்கிக்கொண்டு தள்ளாடியது. அதை நன்றாகப் பார்க்கலாம் என்று ஊசி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

விசுக்கென்று ஒரு காகம் இறங்கியது. ஒரே கொத்து. நண்டைத் தூக்கிக்கொண்டு பறந்தது. நீல மூடி மட்டும் மணலில் விழுந்து, ஒரு சுற்று சுற்றி நின்றது.

பொத்தான் ஊசியின் கையைப் பிடித்துக்கொண்டான். சிவப்பு மூடி நண்டு அடம்பங்கொடிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"அக்கா, அது ஏன் சங்கு போட்டுக்கல? சங்கு இருந்தா உள்ள போய் ஒளிஞ்சிருக்கும்ல?"

ஊசி கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். கரை கூட்டிப் பெருக்கின வீடு மாதிரி இருந்தது. உடைந்த சங்கு உண்டு, ஓட்டை விழுந்த சங்கு உண்டு, கிளிஞ்சல் சில்லுகள் கொட்டிக் கிடந்தன. முழுச் சங்குகள் எல்லாம் எங்கே என்று அவளைத் தவிர வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்?

அன்று வகுப்பில் ஓவிய டீச்சர் ஒரு பெரிய டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"தச்சர்கிட்ட இருந்து பலகையும் வந்தாச்சு, பசையும் வந்தாச்சு. நாளைக்குக் காலையில ஒட்ட ஆரம்பிக்கலாம். இந்தப் பசை வச்சு ஒட்டினா எத்தனை வருஷம் ஆனாலும் பிரியாதாம்!"

வகுப்பு ஆரவாரம் செய்தது. காலையில் பார்த்ததைச் சொல்லிவிடலாம் என்று ஊசி எழுந்தாள்.

"என்ன ஊசி? உன் பலகைதான் வாசல்லயே நிக்கப்போகுது. தலைமையாசிரியர்கிட்டயும் சொல்லிட்டேன், இது நம்ம ஊசியோட யோசனைன்னு."

திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டின் முன்னறைதான் அம்மாவின் தையல் கடை. துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில் வெட்டித் தள்ளிய துண்டுத் துணிகள் குவிந்திருக்கும். மனசு சரியில்லை என்றால் ஊசி அந்தக் குவியலில்தான் போய்ச் சுருண்டுகொள்வாள். அன்றும் சுருண்டாள். தலைக்கு மேலே தையல் இயந்திரம் கடகடவென்று ஓடியது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் அலைச் சத்தமாக மாறிவிட்டது.

கடை வாசலில் நண்டுகள் வரிசையாக நின்றன. அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருந்தார்.

"இடுப்புல ரொம்பப் பிடிக்குதும்மா, கொஞ்சம் லூஸா தைச்சுக் குடுங்க," என்றது முதல் நண்டு.

"கையைத் தூக்குங்க, அளவு எடுக்கணும்."

"எந்தக் கையை? நெறைய இருக்கே."

அம்மா எல்லாவற்றையும் அளந்தார். பிறகு அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "துணியே இல்லையே. இருந்ததையெல்லாம் என் பொண்ணு வாளியில போட்டு வச்சிருக்கா."

எல்லா நண்டுகளும் கண்களை நீட்டி ஊசியைத் திரும்பிப் பார்த்தன. ஒன்றுகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று ஊசிக்குத் தோன்றியது. அதோடு விழிப்பு வந்துவிட்டது.

"அம்மா, சட்டை பத்தலைன்னு யாராவது வந்தா என்ன பண்ணுவே?"

"உள்ள மடிச்சு விட்டிருப்பேன்ல? அந்த மடிப்பைப் பிரிச்சு விடுவேன்."

"மடிப்பே இல்லாத சட்டைன்னா?"

"புதுசு தைக்கணும். இல்ல, பெரியவங்க சட்டை யாருதாவது இருந்தா குடுக்கணும். எதுக்குடி கேக்குறே?"

ஊசி அதற்குள் எழுந்து உள்ளே ஓடியிருந்தாள். தலையணைப் பக்கத்தில் இருந்த பெரிய சங்கை எடுத்தாள். ஒரு தடவை காதில் வைத்துக் கேட்டாள். பிறகு பொத்தானைக் கூப்பிட்டாள்.

சாயங்கால வெயில் மணலில் மஞ்சளாகப் படுத்திருந்தது. அடம்பங்கொடிக்குப் பக்கத்தில் சங்கை வைத்துவிட்டு, இருவரும் கொஞ்சம் தள்ளிக் குப்புறப் படுத்துக்கொண்டார்கள்.

"எவ்வளவு நேரம் படுத்திருக்கணும்?" என்றான் பொத்தான்.

"வாயை மூடிட்டு இருக்கிற வரைக்கும்."

பொத்தானுக்கு அது மிகவும் கஷ்டமான வேலை. இருந்தாலும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தான்.

முதலில் ஒரு நண்டு வந்தது. முதுகில் இறுக்கமான ஒரு சங்கு. பெரிய சங்கின் வாயை மீசையால் தடவியது. உள்ளே ஒரு காலை விட்டு ஆழம் பார்த்தது. பிறகு உள்ளே போகாமல், பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

"ஏன் போகல?"

"அதுக்கு ரொம்பப் பெருசுடா. தொளதொளன்னு இருக்கும்."

இன்னொன்று வந்தது. முதல் நண்டைவிடச் சின்னது. அதுவும் தடவிப் பார்த்துவிட்டு முதல் நண்டுக்குப் பின்னால் நின்றது. அதற்குப் பின்னால் அதைவிடச் சின்னது ஒன்று. பெரியது, அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது என்று ஒன்றின் முதுகை ஒன்று பிடித்துக்கொண்டு ஏழு நண்டுகள் வரிசை கட்டி நின்றன. வரிசையின் கடைசியில், சிவப்பு பேஸ்ட் மூடி.

"பஸ்ஸுக்கு நிக்கிறாங்களா?" என்று பொத்தான் விரல் இடுக்கு வழியாகக் கேட்டான்.

ஊசிக்கும் புரியவில்லை. எதற்குக் காத்திருக்கின்றன? யாருக்காக?

அப்போது தாழம்புதருக்குள்ளிருந்து ஒரு பெரிய நண்டு வந்தது. அவசரமே இல்லாமல், கல்யாண வீட்டுக்கு வருகிற பெரிய மனிதர் மாதிரி வந்தது. சங்கைச் சுற்றிப் பார்த்தது, தட்டிப் பார்த்தது, லேசாக உருட்டியும் பார்த்தது. பிறகு, கண் மூடித் திறப்பதற்குள், தன் பழைய சங்கிலிருந்து உருவிக்கொண்டு புதியதற்குள் புகுந்துவிட்டது.

அது விட்ட சங்குக்குள் முதல் நண்டு போயிற்று. முதல் நண்டு விட்டதற்குள் இரண்டாவது. அது விட்டதற்குள் மூன்றாவது. சட், சட், சட் என்று வரிசை முழுக்க வீடு மாறியது. கடைசியில் சிவப்பு மூடி நண்டு மூடியை உதறிவிட்டு, வெற்று உடம்போடு ஒரே ஓட்டமாக ஓடி, மிச்சமிருந்த குட்டிச் சங்குக்குள் பின்பக்கத்தைச் செருகியது. ஒரு குலுக்கு குலுக்கிப் பார்த்தது. முழு உடம்பும் உள்ளே அடங்கிவிட்டது.

ஊசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரே ஒரு சங்கு. எட்டுப் பேருக்கு வீடு!

பெரிய நண்டு ஒரு நன்றிகூடச் சொல்லாமல், பழுப்பு வரிச் சங்கைத் தூக்கிக்கொண்டு புதரைப் பார்த்து நடந்தது.

"அக்கா, உன் சூரியன் போகுது," என்றான் பொத்தான்.

"போகட்டும்டா," என்றாள் ஊசி.

மறுநாள் காலை. டீச்சர் பசை டப்பாவின் மூடியைத் திருப்புளியால் நெம்பப் போனார்.

"டீச்சர், திறக்காதீங்க!"

ஊசி மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். நேற்றுக் காலையில் பார்த்ததையும் சாயங்காலம் பார்த்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். காகத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

லீடர் எழுந்தான். முகம் சிவந்திருந்தது. "ரெண்டு வாரமா அலைஞ்சு பொறுக்கியிருக்கோம்! சங்கு ஒட்டலாம்னு சொன்னது யாரு? முழுசா இருக்கணும்னு சட்டம் போட்டது யாரு?"

"நான்தான். யோசனையும் என்னுது, சட்டமும் என்னுது. தப்பும் என்னுதுதான்."

அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது என்று லீடருக்குத் தெரியவில்லை.

"உன் பெரிய சங்கு எங்க?" என்று கேட்டான்.

"குடுத்துட்டேன்."

"சூரியனையா?"

"ம்."

லீடர் மெதுவாக மூலைக்குப் போனான். முதல் வாளிக்குள் கையை விட்டு ஒரு கைப்பிடிச் சங்கை அள்ளி, அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதுல எத்தனை நண்டுக்கு வீடு இருக்கும்?"

"எண்ணி முடியாது," என்றாள் ஊசி.

டீச்சர் திருப்புளியைக் கீழே வைத்தார். "எனக்குமே தோணாம போச்சே. சரி, சங்கையெல்லாம் கொண்டுபோய்ப் போட்டுடலாம். ஆனா நாளன்னிக்கு விழா. பலகையை வெறுமையா எப்படி நிறுத்துறது?"

முப்பத்தெட்டுத் தலைகளும் பெரிய வெற்றுப் பலகையைப் பார்த்தன. ஊசியும் பார்த்தாள். நேற்றுப் பார்த்த கரை அவள் கண்ணுக்குள் வந்தது. அங்கே என்னவெல்லாம் கிடந்தது?

"டீச்சர், உடைஞ்ச சங்கை எந்த நண்டும் போட்டுக்காது. ஓட்டை விழுந்ததும் அதுக்கு ஆகாது. கரை முழுக்க அதுதான் கிடக்கு. முழுசு அதுங்களுக்கு, உடைஞ்சது நமக்கு!"

லீடர் அழிப்பானை எடுத்தான். கரும்பலகையின் ஓரத்தில் இருந்த சட்டத்தை அழித்தான். 'உடைந்தது மட்டும்' என்று எழுதி, இந்தத் தடவை மூன்று கோடு போட்டான்.

பிறகு என்ன? ஒன்பது வாளியும் கடற்கரைக்கு ஊர்வலம் போயின. "ஒரே இடத்துல கொட்டாதீங்க! நீளமாத் தூவுங்க!" என்று ஊசி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடினாள். தாழம்புதர் ஓரம், அடம்பங்கொடி ஓரம், கழிமுகத்து அலையாத்தி வேர்களுக்கு நடுவில் என்று எல்லா இடத்திலும் சங்கு தூவினார்கள். திரும்பும்போது வாளிகளில் உடைந்த சங்கும் கிளிஞ்சல் சில்லும் நிறைந்திருந்தன.

ஒட்ட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. வளைந்து உடைந்த துண்டுகள் அலை மாதிரியே சுருண்டன. தட்டையான சில்லுகள் ஆமை ஓட்டுக்கு அச்சாகப் பொருந்தின. உடைந்த சங்கின் உள்பக்கம் இளஞ்சிவப்பாக மின்னியது, அது பவளமாயிற்று. நடுவில் சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டு ஒட்டியது. முப்பத்தெட்டுத் துண்டு. சூரியன் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. உதிக்கிற சூரியன் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டார்கள்.

விழாவுக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். வாசலில் பலகையைப் பார்த்தவர் நின்றுவிட்டார். ஆமையைப் பார்த்தார், கொக்கைப் பார்த்தார், அலைகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பிரமாதம்! ஆனா ஏன் எல்லாமே உடைஞ்ச சங்கா இருக்கு? இவ்வளவு பெரிய கடற்கரையில முழுச் சங்கே கிடைக்கலையா?"

டீச்சர் ஊசியைப் பார்த்தார். லீடர் அவளை முழங்கையால் முன்னால் தள்ளினான்.

ஊசி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"முழுச் சங்கு நெறைய இருக்கு சார். ஆனா அதுல எல்லாம் ஆளுங்க குடியிருக்காங்க."